எந்த டைரக்டரியில் எந்த டிஸ்க்

லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பின் முழுப் பாதையை எத்தனை முறை படித்தாலும் அது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதற்கான தடயம் அதில் கிடைக்காது. விண்டோஸில் சி, டி, இ என்று எழுத்துகள் இருக்கும். எழுத்தைப் பார்த்ததும் இது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க், இது பென் டிரைவ் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். வேர் ஒன்று, அதிலிருந்து கிளைக்கும் டைரக்டரிகள் பல. அவற்றில் ஒரு டைரக்டரி உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் இருக்கலாம், அடுத்தது மேசைமேல் கிடக்கும் யூஎஸ்பி டிஸ்க்கில், அதற்கடுத்தது வேறொரு கட்டடத்தில் ஓடும் இன்னொரு சர்வரில். பெயரில் எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படி ஒட்டவைப்பது மவுண்ட், பிரித்தெடுப்பது அன்மவுண்ட். சர்வர் பராமரிப்பில் நான் கழித்த வருடங்களில் பெரும்பகுதி இந்த இரண்டைச் சுற்றியே ஓடியிருக்கிறது.

காணாமல் போன கோப்பு, நிரம்பிவிட்ட டிஸ்க், கரண்ட் வந்த பிறகு எழுந்திருக்க மறுக்கும் சர்வர் என்று என்னிடம் வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். இன்ன டைரக்டரியில் இன்ன டிஸ்க் இருக்கிறது என்று யாரோ நம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தது வேறொன்றாக இருக்கும்.

இந்த ஏற்பாடு யூனிக்ஸ் அளவுக்குப் பழையது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. மவுண்ட் அதிலேயே இருக்கிறது. 1974இல் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவர்களுடைய பிடிபி-11 இயந்திரத்தின் விவரம் வரும்: 1 எம்பி நிலையான டிஸ்க் ஒன்று, 2.5 எம்பி கொள்ளும் கழற்றி மாற்றக்கூடிய டிஸ்க்குகளுக்கு நான்கு டிரைவ்கள், 40 எம்பி டிஸ்க் பேக் ஏற்கும் டிரைவ் ஒன்று. கழற்றி மாற்றும் டிஸ்க் என்றால் மனிதர் ஒருவர் எழுந்து போய்க் கையால் எடுத்து வேறொன்றைப் பொருத்துவது. அதைப் பொருத்திய பிறகு, இதன் வேர் இனிமேல் மரத்தில் இன்ன இடத்தில் இருக்கட்டும் என்று கர்னலிடம் சொல்ல வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு நான் மேகக்கணியில் ஒரு வால்யூமை இணைக்கும்போதும் கர்னலிடம் சொல்வது அதே வாக்கியம்தான்.

மவுண்ட் செய்யும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பல புதிர்கள் தாமாகவே அவிழும். கர்னல் முதலில் டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கைப் படிக்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் அளவு, பிளாக்கின் அளவு, அதன் அடையாளம், கடைசியாக ஒழுங்காகப் பிரிக்கப்பட்டதா இல்லையா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றுக்கும் ஒரே முத்திரை எண். அது அங்கே இல்லையென்றால் கர்னல் ஏற்காது. ஏற்றுக்கொண்டால், மரத்தில் நாம் காட்டிய டைரக்டரியின்மேல் இந்த டிஸ்க்கின் வேரை வைத்துவிடுகிறது. ஏற்கெனவே அந்த டைரக்டரியில் ஏதாவது கோப்புகள் இருந்தால்? அழியாது. தரையில் கிடந்த காகிதங்களின் மேல் பாய் விரித்த மாதிரி, அவை அப்படியே அடியில் கிடக்கும். பாயைச் சுருட்டும்வரை யார் கண்ணுக்கும் படாது. இதைக் கர்னல் தடுப்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை. இந்த ஒரு விஷயத்தால் நான் இரவுகள் பலவற்றை இழந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஃபிளாப்பியும் சிடியும் புழங்கிய காலம். சிடி டிரைவில் ஒரு நன்மை இருந்தது: மவுண்ட் ஆகியிருக்கும்வரை முன்னால் இருக்கும் பொத்தானை எத்தனை அழுத்தினாலும் தட்டு வெளியே வராது. கர்னல் அதைப் பூட்டி வைத்திருக்கும். மாணவர்கள் "டிரைவ் ரிப்பேர் சார்" என்று வருவார்கள். அன்மவுண்ட் செய்ததும் தட்டு வெளியே வரும். ஆனால் பிசியின் ஃபிளாப்பி டிரைவில் இருந்தது வெறும் இயந்திரப் பொத்தான். கர்னலால் அதைப் பிடித்து வைக்க முடியாது. மாணவர் கோப்பைக் காப்பி செய்வார், கட்டளை உடனே முடிந்துவிடும், பொத்தானை அழுத்தி எடுத்துக்கொண்டு போவார். அடுத்த கணினியில் போட்டால் ஃபிளாப்பி காலி, அல்லது பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

காப்பி முடிந்தது என்று கணினி சொன்னது பொய்யா என்று அந்த மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாம் எழுதும் எதையும் கர்னல் உடனே டிஸ்க்கில் கொண்டுபோய் வைப்பதில்லை. முதலில் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. டிஸ்க் நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்காகக் காத்திருந்தால் எந்த வேலையும் நடக்காது. லினக்ஸில் மாற்றிவைக்காத நிலையில், எழுத வேண்டியது இருக்கிறதா என்று 5 நொடிக்கு ஒருமுறை பார்ப்பார்கள் கர்னலின் பணியாளர்கள். 30 நொடிக்கு மேல் பழசானவற்றை டிஸ்க்குக்கு அனுப்புவார்கள். அன்மவுண்ட் என்றால், மிச்சம் இருக்கும் எல்லாவற்றையும் இப்போதே எழுது, எழுதி முடித்துவிட்டு எனக்குச் சொல் என்று அர்த்தம். இன்றைக்கும் பென் டிரைவில் பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் பச்சைக் கோடு சட்டென்று கடைசிவரை ஓடி நின்றுவிடும். பிறகு 'இஜெக்ட்' கொடுத்தால் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பலர் பொறுமையிழந்து பிடுங்குவது அந்தக் கட்டத்தில்தான். உண்மையான காப்பி அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு இப்படிச் சேர்த்துவைத்து எழுதுவதை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே நிறுத்திவிட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பிடுங்குபவர்களின் கோப்பு பிழைக்கட்டும் என்று எடுத்த முடிவு. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்போதெல்லாம் கரண்ட் போய் வந்தால் எக்ஸ்ட்2 வைத்திருந்த சர்வர் எழுந்திருக்க எடுக்கும் நேரம் கொடுமையானது. ஒழுங்காகப் பிரிக்கப்படவில்லை என்ற குறி சூப்பர்பிளாக்கில் இருக்கும். அதைப் பார்த்ததும் எஃப்எஸ்சிகே முழு டிஸ்க்கையும் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும். 2001இல் ஸ்டீபன் ட்வீடியின் எக்ஸ்ட்3 கர்னலின் 2.4.15 பதிப்பில் சேர்ந்தபோது எங்கள் வாழ்க்கையே மாறியது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதி, பிறகே உரிய இடத்தில் எழுதுவது அதன் முறை. கரண்ட் போனாலும், அடுத்த முறை மவுண்ட் ஆகும்போது ஜர்னலை மட்டும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். மணிக்கணக்கில் காத்திருந்தது சில நொடிகளாகச் சுருங்கியது. ஆனால் ஜர்னல் காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை. நினைவகத்திலேயே தங்கி டிஸ்க்கைச் சேராமல் போன கோப்பின் உள்ளடக்கத்தை அது திருப்பித் தராது. இதைப் புரியவைப்பது இன்றுவரை எளிதாக இல்லை.

அன்மவுண்ட் செய்யப் போகும்போது கர்னல் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு: அந்த இடம் பிசியாக இருக்கிறது. இந்தத் தொழிலில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது இந்த மறுப்பை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் தெரிந்துவிடும். ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் இருந்த சர்வரில் டிஸ்க் மாற்ற ஒருநாள் இரவு போயிருந்தோம். படங்களைச் சேமிக்கும் மென்பொருளை நிறுத்திவிட்டோம். அன்மவுண்ட் கொடுத்ததும் பிசி என்று வந்தது.

"அண்ணா, ஃபோர்ஸ் போட்டுரவா?" என்றான் உடன் வந்த தம்பி.

"வேணாம். யாரு பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு முதல்ல பாரு."

ஃபியூசர் என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. மவுண்ட் ஆன இடத்தைக் கொடுத்தால், அதைப் பிடித்திருக்கும் நிரல்களையும் அவை எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதையும் வரிசையாகச் சொல்லும்: கோப்பைத் திறந்து வைத்திருக்கிறதா, அங்கிருந்து ஒரு நிரலை ஓட்டுகிறதா, அல்லது வெறுமனே அந்த டைரக்டரியில் நின்றுகொண்டிருக்கிறதா. அன்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று, யாரோ எப்போதோ உள்நுழைந்து அந்த டைரக்டரிக்குள் போய் நின்று அப்படியே விட்டுப்போன ஒரு ஷெல். ஒன்றும் செய்யவில்லை, நிற்கிறது, அவ்வளவுதான். அதுவே போதும் மறுப்புக்கு. இரண்டாவது, படங்களை இன்னொரு கிளைக்கு அனுப்பும் தனி நிரல். அது மென்பொருளோடு சேர்ந்து நிற்காது என்பது எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இல்லை. ஒரு நோயாளியின் படத் தொகுப்பைப் பாதி அனுப்பிய நிலையில் இருந்தது. அது முடியும்வரை காத்திருந்தோம். முடிந்ததும் நிறுத்தினோம், ஷெல்லை மூடினோம், அடுத்த நொடியில் அன்மவுண்ட் ஆனது.

எனவே பிசி என்பதை நான் இடைஞ்சலாகப் பார்ப்பதில்லை. நமக்குத் தெரியாத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று கர்னல் தகவல் தருகிறது. அந்தத் தகவலை வேறு எந்த வழியிலும் இவ்வளவு உறுதியாகப் பெற முடியாது. ஃபோர்ஸ் ஆப்ஷன் பெரும்பாலும், பிணையம் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர்கள் பதில் சொல்லாத நேரத்துக்காக வைத்தது. உள்ளே இருக்கும் சாதாரண டிஸ்க்கில் அதனால் பலன் இல்லை. அதைவிட ஆபத்தானது 'லேசி' ஆப்ஷன். அதைக் கொடுத்தால் கர்னல் அந்த டிஸ்க்கை மரத்திலிருந்து உடனே எடுத்துவிடும். புதிதாக யாரும் நுழைய முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் கோப்பை மூடும்வரை எழுதிக்கொண்டே இருக்கலாம். பட்டியலில் டிஸ்க் இருக்காது. திரையைப் பார்ப்பவர் பிரிந்துவிட்டது என்று நினைப்பார், கேபிளை உருவுவார். வேறொரு நிறுவனத்தில் இப்படி உருவப்பட்ட டிஸ்க்கை மீட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். தரவுத்தளம் அந்தக் கணம்வரை அதில் எழுதியபடி இருந்திருக்கிறது. இணைப்பு அறுந்து தொங்கும் என்எஃப்எஸ் மவுண்ட்டை அகற்றுவதற்கு லேசி உதவும். கையால் கழற்றப் போகும் டிஸ்க்குக்கு அதைப் பயன்படுத்த என்னிடம் வேலை பார்க்கும் யாருக்கும் அனுமதி இல்லை.

ஃபியூசரில் யாரும் தெரியாமல், அப்போதும் பிசி என்று வந்தால் வேறு இடங்களில் தேட வேண்டும். அந்த டிஸ்க்கில் ஒரு ஸ்வாப் கோப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குள் இன்னொரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கலாம். அதில் இருக்கும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பையே டிஸ்க்காகப் பாவித்து மவுண்ட் செய்திருக்கலாம். என்எஃப்எஸ் வழியாக வெளியே பகிரப்பட்டிருந்தால் பிடித்திருப்பது கர்னலே. எந்த நிரலின் பெயரும் பட்டியலில் வராது.

இனி அந்த அடியில் கிடக்கும் காகிதங்கள். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் சர்வரை நான் பார்த்துக்கொள்ள ஏற்றது, ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்து ஆர்டர்கள் குவியத் தொடங்கிய நேரத்தில். சர்வர் நின்றுபோயிருந்தது. வேர் டிஸ்க் முழுதும் நிரம்பிவிட்டது, அச்சுக்குப் போகும் வரிசை நகரவில்லை. அதற்கு முன்னால் வந்து பார்த்தவர் எந்தக் கோப்பு இடத்தை அடைக்கிறது என்று டியூ கட்டளையால் கூட்டிப் பார்த்திருக்கிறார். கூட்டுத்தொகை பாதியைக்கூடத் தொடவில்லை. டிஸ்க்கின் மொத்த நிலையைச் சொல்லும் டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, டியூ இல்லை என்கிறது.

"தம்பி, பேக்கப் ஒழுங்கா ஓடுதுன்னு தெனமும் மெயில் வருதே?" என்றார் அச்சகத்து அண்ணாச்சி.

"ஓடத்தான் செய்யுது அண்ணாச்சி. எங்க போய் எழுதுதுன்னு பாக்கணும்."

நடந்தது இதுதான். ஒவ்வொரு இரவும் வடிவமைப்புக் கோப்புகள் ஒரு யூஎஸ்பி டிஸ்க்குக்குப் பேக்கப் ஆகும்படி அமைத்திருந்தார்கள். அந்த டிஸ்க்குக்குத் தனி அடாப்டர்; அது யூபிஎஸ்ஸில் இல்லாத பிளக்கில் செருகியிருந்தது. ஒரு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழுந்தபோது டிஸ்க் எழவில்லை. டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழட்டும் என்று அமைப்பில் எழுதியிருந்ததால் சர்வர் எந்தப் புகாரும் இல்லாமல் வேலையைத் தொடங்கியது. பேக்கப் டைரக்டரி இருந்தது, ஆனால் காலி டைரக்டரி, வேர் டிஸ்க்கிலேயே. பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் அதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தள்ளியது. வேலை வெற்றி என்று மெயில் அனுப்பியது. பல நாள் கழித்து யாரோ டிஸ்க் விளக்கு எரியாததைப் பார்த்து அடாப்டரைச் சரிசெய்து மவுண்ட் செய்துவிட்டார்கள். யூஎஸ்பி டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்தது. அடியில் எழுதப்பட்டவை அத்தனையும் மறைந்தன. இடத்தை அடைத்துக்கொண்டே மறைந்தன.

மவுண்ட் ஆன டிஸ்க்கைக் கழற்றாமலே அடியில் பார்க்க ஒரு வழி உண்டு. பைண்ட் மவுண்ட் என்ற முறையில் வேர் டைரக்டரியை வேறோர் இடத்தில் இன்னொரு முறை மவுண்ட் செய்வது. அதன்மேல் ஏறியிருக்கும் மற்ற டிஸ்க்குகள் இந்த இரண்டாவது பிரதியில் தெரியாது, வேர் டிஸ்க் மட்டும் அப்படியே தெரியும். செய்தோம், எல்லாம் அங்கே கிடந்தது. அழித்துவிடலாமா என்று பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் கேட்டார். நான் விடவில்லை. அந்த நாட்களில் திருத்தப்பட்டு, பின்னர் மூலத்தில் மேலெழுதப்பட்ட வடிவமைப்புகளின் ஒரே பிரதி அடியில் இருக்க வாய்ப்பிருந்தது. முதலில் அவற்றை யூஎஸ்பி டிஸ்க்கில் தனி இடத்துக்கு நகர்த்தினோம், ஒப்பிட்டோம், பிறகுதான் அழித்தோம்.

இதற்கு நான் கையாளும் தடுப்பு எளிமையானது, இருந்தும் பல இடங்களில் காண்பதில்லை. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில், அந்தக் காலி டைரக்டரிக்கு மாற்ற முடியாதது என்ற பண்பைச் சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு ரூட் பயனரால்கூட அதற்குள் ஒரு கோப்பை உருவாக்க முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆனதும் மேலே வருவது டிஸ்க்கின் சொந்த வேர் என்பதால் எழுதுவதற்கு எந்தத் தடையும் இருக்காது. டிஸ்க் வரவில்லையென்றால் பேக்கப் தோற்கும், உரக்கத் தோற்கும், காலையில் மெயிலில் சிவப்பாகத் தெரியும். கூடவே பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில், இது உண்மையிலேயே மவுண்ட் ஆன இடம்தானா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் அங்கேயே நிற்கச் சொல்கிறேன். அதற்கென்றே மவுண்ட்பாயிண்ட் என்று ஒரு சிறு கட்டளை இருக்கிறது.

சர்வர் எழும்போது மவுண்ட் ஆக வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' எழுதுவதா வேண்டாமா என்று எங்கள் தொழிலில் ஓயாத வாதம் உண்டு. எழுதாவிட்டால், டிஸ்க்குக்காக சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருந்து, வரவில்லையென்றால் சர்வரை அவசர நிலையில் நிறுத்திவிடும். தொலைவில் இருந்து நுழையவும் முடியாது, யாராவது கீபோர்டு முன்னால் போய் உட்கார வேண்டும். எழுதினால் சர்வர் எழும், டிஸ்க் இல்லாமலே. என் முடிவு இது: பேக்கப் டிஸ்க்குக்கு நோஃபெயில், ஆனால் மேலே சொன்ன பூட்டோடு மட்டும். தரவுத்தளம் இருக்கும் டிஸ்க்குக்கு நோஃபெயில் கிடையாது. காலி டைரக்டரியைப் பார்த்துவிட்டுப் புதிய தரவுத்தளத்தைத் தானே தொடங்கிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன; அதைவிட சர்வர் எழாமல் நிற்பது ஆயிரம் மடங்கு மேல்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்குகளுக்குக் கர்னல் தரும் பெயர்களை எஃப்எஸ்டேப்பில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அவை கண்டெடுக்கப்பட்ட வரிசையில் தரப்படும் பெயர்கள். அடுத்த முறை எழும்போது மாறலாம். ஃபைல் சிஸ்டத்தின் உள்ளேயே எழுதப்பட்ட யூயூஐடி மாறாது. ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் மட்டும் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி வந்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் இதைக் கவனித்து இரண்டாவதை மவுண்ட் செய்ய மறுக்கும். எக்ஸ்ட்4 மறுக்காது. எக்ஸ்எஃப்எஸ்ஸின் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

மீட்பு வேலைக்கு வரும் டிஸ்க்குகளில் என் முதல் விதி, எதையும் எழுதாமல் மவுண்ட் செய்வது. ரீட் ஒன்லி என்று கொடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. எக்ஸ்ட்4 டிஸ்க் ஒழுங்காகப் பிரிக்கப்படாமல் வந்திருந்தால், ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் கர்னல் முதலில் ஜர்னலை ஓட்டும். அதாவது டிஸ்க்கில் எழுதும். தேய்ந்த டிஸ்க்கில் அந்த எழுத்தே கடைசி அடியாகலாம். வழக்குக்கான ஆதாரமாக வந்த டிஸ்க் என்றால் ஆதாரமே கெட்டது. டிஸ்க்கையே எழுத முடியாததாகக் கர்னலிடம் அறிவித்து, ஜர்னலை ஓட்டாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலின் நகலில் வேலை செய்வது. சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்று கர்னல் கைவிரிக்கும்போதும் கலங்க வேண்டாம். எக்ஸ்ட்4 அதன் பிரதிகளை டிஸ்க்கில் பல இடங்களில் வைத்திருக்கிறது. பிளாக் 4 கேபி என்றால் முதல் பிரதி வழக்கமாக 32768ஆம் பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து மீட்டெடுத்த டிஸ்க்குகளில் குடும்பங்களின் கல்யாணப் படங்கள் இருந்திருக்கின்றன, ஓர் ஆராய்ச்சி மாணவியின் முழு ஆய்வேடும் இருந்திருக்கிறது.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினிகளில் ஒன்று அடிக்கடி வரும். "ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் வந்தேன் அண்ணா, டி டிரைவ்ல எழுதவே முடியல" என்பார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல. கர்னலின் நிலையை டிஸ்க்கில் உறையவைத்துவிட்டுத் தூங்குகிறது. அதன் பார்வையில் அந்த டிரைவ் இன்னும் மவுண்ட் ஆகித்தான் இருக்கிறது. லினக்ஸ் அதைக் கண்டு எழுத மறுப்பது சரியே. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு மீண்டும் ஷட் டவுன் செய்தால் தீர்ந்தது.

எது மவுண்ட் ஆகியிருக்கிறது என்று யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். முன்பு மவுண்ட் கட்டளை எம்டேப் என்ற சாதாரணக் கோப்பில் கணக்கு எழுதிவைக்கும். கர்னலில் இருப்பதும் அந்தக் கோப்பில் இருப்பதும் விலகிப்போவதுண்டு. இப்போது அது கர்னலின் நேரடிப் பட்டியலைக் காட்டும் சுட்டியாகிவிட்டது. ஆனால் கண்டெய்னர்கள் வந்தபிறகு அந்தப் பட்டியலும் ஒன்றல்ல. 2002 முதல் லினக்ஸில் ஒவ்வொரு நிரல் குழுவுக்கும் தனி மவுண்ட் மரம் இருக்கலாம். நான் என் மரத்தில் அன்மவுண்ட் செய்துவிட்டேன், பட்டியலில் இல்லை, ஆனாலும் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யப் போனால் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. ஏதோவொரு கண்டெய்னர் தொடங்கும்போது என் மரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போயிருக்கும். அதன் மரத்தில் அந்த டிஸ்க் இன்னும் இருக்கும். ஓடும் ஒவ்வொரு நிரலின் மவுண்ட்இன்ஃபோ கோப்பிலும் அந்த டிஸ்க்கின் பெயரைத் தேடினால் பிடிபடும்.

இவை எல்லாவற்றிலும் நான் மிகவும் அஞ்சுவது ஒரே டிஸ்க்கை இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்வது. சேமிப்பகத்தைப் பிணையம் வழியாகத் தரும் அமைப்புகளில் இது எளிதாக நடக்கும்: பழைய சர்வர் தொங்கிவிட்டது என்று நினைத்து, அதன் வால்யூமைப் புதிய சர்வரில் இணைப்பார்கள், பழையது உயிரோடு இருக்கும். மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க் கோப்பை வெளியிலிருந்து மவுண்ட் செய்பவர்களும் உண்டு. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இரு கர்னல்களும் தத்தம் நினைவகத்தில் இருப்பதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, ஒன்று எழுதியதன் மேல் மற்றது எழுதும். பிழைச் செய்தி வரும்போது சிதைவு ஆழமாகியிருக்கும், ஜர்னலும் உதவாது. உண்மையில் பலர் பகிர வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 என்று அதற்கென எழுதப்பட்டவை இருக்கின்றன.

எக்ஸ்ட்4இல் இதற்கு ஒரு காவல் உண்டு, எம்எம்பி என்று பெயர். ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும்வரை, கர்னல் சில நொடிகளுக்கு ஒருமுறை டிஸ்க்கின் ஒரு குறிப்பிட்ட பிளாக்கில் தன் இருப்பைப் பதிந்துகொண்டே இருக்கும். வேறொரு கணினி மவுண்ட் செய்ய வந்தால் அந்தப் பிளாக்கைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்து மறுபடி படிக்கும். மாறியிருந்தால் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து விலகிவிடும். இயல்பாக இது அணைந்தே வரும். டியூன்2எஃப்எஸ் கட்டளையால் நாமே இயக்க வேண்டும். இரண்டு சர்வர்கள் கைமாற்றிக்கொள்ளும் எந்த டிஸ்க்குக்கும் நான் இதை இயக்கித்தான் தருகிறேன். மவுண்ட் ஆகச் சில நொடிகள் கூடுதலாகிறது, அதை எடுத்துவிட முடியுமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். இதுவரை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை.